ட்ரங்க் பேஸ்ட் டெவலப்மென்ட்: தமிழில் அடிமர முறை

கண்டியிலும் பண்டாரவளையிலும் வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதும் நம் பிள்ளைகளின் பேச்சில் இப்போது அடிபடும் சொல் இது. குழுவில் எல்லோரும் 'ட்ரங்க்' எனப்படும் ஒரே மூலப் பிரதியில் வேலை செய்வார்கள். மாற்றங்களைச் சிறிது சிறிதாக, நாளுக்கு ஒருமுறையாவது அதில் சேர்ப்பார்கள். தனியாக வேலை செய்ய ஒரு நகலை, அதாவது கிளையை, பிரித்தாலும் ஓரிரு நாளில் இணைத்துவிட வேண்டும். செயலில் உள்ள கிளைகள் மூன்றைத் தாண்டக் கூடாது என்பது மென்பொருள் குழுக்களின் செயல்திறனை ஆராயும் டோரா ஆய்வுக் குழுவின் பரிந்துரை.

'ட்ரங்க்' லத்தீன் 'ட்ரங்கஸ்' வழி வந்தது. மரத்தின் அடி, மனித முண்டம், கிளை தறிக்கப்பட்டது என்றெல்லாம் அதற்குப் பொருள். லயத்து வீடுகளில் துணிமணி வைத்த ட்ரங்குப் பெட்டியும் இந்தச் சொல்தான். மென்பொருளில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்க 2000இல் தொடங்கிய சப்வேர்ஷன் என்ற கருவியில் 'ட்ரங்க்' என்று ஒரு கோப்புறை வைப்பது வழக்கமானது. அதே வேலைக்கு 2005இல் வந்த கிட் என்ற கருவி அதையே 'மாஸ்டர்' என்றது, பிறகு பலர் 'மெயின்' என்றார்கள். முறையின் பெயரில் மட்டும் ட்ரங்க் நிலைத்துவிட்டது.

தமிழில் என்ன சொல்வது? கீரைக்கும் வாழைக்கும் தண்டு, கரும்புக்குக் கழி, மூங்கிலுக்குக் கழை, வேம்புக்கும் புளிக்கும் அடி என்று நம்மிடம் தனித்தனிச் சொல் உண்டு. மலையகத்தில் முதலில் வாயில் வருவது 'தூர்'. ஆனால் கவ்வாத்து வெட்டிய தேயிலைத் தூரிலிருந்து பல தண்டுகள் சமமாகக் கிளம்பும். இங்கே நமக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஆகவே 'அடிமரம்' என்பதே பொருத்தம். முறைக்கு 'அடிமர முறை'. பிராஞ்சுக்குக் 'கிளை' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

தோட்டக் கணக்கு மென்பொருள் எழுதும் ஒரு குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போடும் விதியை மாற்ற மூன்று வாரம் வேண்டும். ஒருவர் தனிக் கிளையில் உட்கார்ந்து எழுதுகிறார். அதற்குள் மற்றவர்கள் கொழுந்து நிறை பதியும் பகுதியைத் திருத்திவிடுகிறார்கள். இணைக்கும் நாளில் இரண்டும் முட்டுகின்றன, எது சரி என்று பார்ப்பதிலேயே சம்பள நாள் நெருங்கிவிடுகிறது. அடிமர முறையில் புதிய விதி முதல் நாளிலிருந்தே அடிமரத்தில் இருக்கும், அணைத்த நிலையில். வேலை முடிந்ததும் போட்டுவிடலாம். இதை 'ஃபீச்சர் ஃப்ளாக்' என்பார்கள். 'அம்சக் கொடி' என்று மொழிபெயர்ப்பது பிழை, இங்கே பறக்கும் கொடி எதுவும் இல்லை. சுவிட்சுக்கு இலங்கைப் பாடநூல்களில் 'ஆளி' என்ற அருமையான சொல் இருக்கிறது. 'அம்ச ஆளி' என்போம்.

பெரிய குழுவுக்கு இது ஒத்துவராது என்ற எண்ணம் பலரிடம் உண்டு. கூகுளில் பல்லாயிரம் பொறியியலாளர்கள் ஒரே நிரல் களஞ்சியத்தில் இப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு இணைப்பின்போதும் தானாக ஓடும் சோதனைகள் அவர்களிடம் இருக்கின்றன. அது இல்லாத குழு முதலில் சோதனைகளை எழுதட்டும். கிளைகளைக் குறைப்பது அதற்குப் பிறகு.