பேச்சுச் சிரமமுள்ள பிள்ளைக்குப் பள்ளியில் உதவி: சான்றிதழுக்காகக் காத்திருக்காதீர்கள்

கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் பக்கம் பிள்ளைக்குப் பேச்சு தாமதமாகிறது என்று பள்ளியில் சொன்னால், "வீட்டில் தமிழ், இங்கே மலையாளம், அதனால்தான்" என்று அனுப்பிவிடுகிறார்கள். நம்பி ஒரு வருஷத்தைத் தொலைக்காதீர்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் கோளாறு வராது. வீட்டில் தமிழிலேயே திணறினால் முதலில் காது பரிசோதனை. பேச்சு தெரபிஸ்ட் மலையாளத்தில் மட்டும் சோதித்தால் தமிழிலும் சோதிக்கச் சொல்லுங்கள்.

அடுத்த தடை, "40 சதவீத ஊனச் சான்றிதழ் கொண்டு வாங்க". 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, பாகுபாடின்றிச் சேர்த்துத் தேவையான வசதி செய்யச் சொல்கிறது. அதில் சதவீதமே இல்லை. 40 சதவீதம் கேட்பது 31ஆம் பிரிவு: 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி. ஊர்ப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது அந்தப் பிரிவுப்படி உங்கள் முடிவு. ஹெட்மாஸ்டருடையது அல்ல.

திக்குகிற பிள்ளையை, ஊனச் சான்றிதழ் தரும் மெடிக்கல் போர்டு வெறுங்கையோடு அனுப்புவதும் நடக்கும். காரணம், சட்டத்தின் அட்டவணையில் 'பேச்சு, மொழி ஊனம்' என்பது உடலுறுப்பு அல்லது நரம்புக் காரணத்தால் வந்த நிரந்தர ஊனம். ஆட்டிசம், காது கேளாமை, கற்றல் குறைபாடு தனித்தனிப் பிரிவுகள். எந்தப் பிரிவில் விண்ணப்பம் போகிறது என்று பார்த்துவிட்டே கொடுங்கள். எதிலும் அடங்காவிட்டாலும் 16ஆம் பிரிவைக் காட்டி வகுப்பில் வசதி கேளுங்கள்.

ஆதார் பொள்ளாச்சி முகவரியில், குடியிருப்பு இந்தப் பக்கம் என்றால் அலைச்சல் இரட்டிப்பு. தமிழ்நாட்டில் வாங்கிய சான்றிதழை "இங்கே செல்லாது" என்பார்கள். செல்லும். 58ஆம் பிரிவுப்படி நாடு முழுவதும் செல்லும். அந்தப் பிரிவைப் பிரின்ட் எடுத்துப் பையில் வையுங்கள், வாய்ப்பேச்சுக்கு அங்கே மரியாதை குறைவு.

கேட்பதை எழுத்தில் கேளுங்கள்: முன் பெஞ்ச், வாய்மொழித் தேர்வுக்குப் பதில் எழுத்துத் தேர்வு, பி.ஆர்.சி.யிலிருந்து (வட்டார வள மையம்) ஸ்பெஷல் எஜுகேட்டர் (சிறப்பாசிரியர்) எந்தெந்த நாளில் வருவார் என்ற பதில். மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அரசு அலுவலகத்துக்குத் தமிழிலேயே மனு கொடுக்கலாம், தமிழில் பதிலும் கேட்கலாம். கேரள ஆட்சிமொழிச் சட்டம் தந்த உரிமை இது. ஹெட்மாஸ்டருக்கு ஒன்று, பி.ஆர்.சி.க்கு ஒன்று. நகலில் சீலும் தேதியும் இல்லாமல் திரும்பாதீர்கள். யூடைஸ் என்ற அரசுப் பள்ளித் தகவல் பதிவில் பிள்ளை சிறப்புத் தேவையுள்ள குழந்தையாக ஏறியிருக்கிறதா என்றும் விசாரியுங்கள். ஏறவில்லை என்றால் பி.ஆர்.சி. கணக்கில் அப்படி ஒரு பிள்ளையே இல்லை.

வாசிக்கத் தெரியாத மலையாளக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். "விருப்பத்தின் பேரில் டி.சி. வாங்கிக்கொள்கிறோம்" என்று அதில் இருக்கலாம். பதில் வராவிட்டால் சீல் போட்ட நகலை வைத்துத் திருவனந்தபுரத்திலுள்ள மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு எழுதுங்கள். வக்கீல் வேண்டியதில்லை.