பிராட்பேண்ட்: அகலப்பட்டையா, அகலக்கற்றையா?

பிராட்பேண்ட் என்றதும் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது வேகம். ஆனால் வேகத்தைக் குறிக்கும் உறுப்பு எதுவும் அச்சொல்லில் இல்லை. 'பிராட்' என்பது அகலத்தையும் 'பேண்ட்' என்பது பட்டையையும் குறிக்கின்றன. தெருவில் ஒரு வீட்டுக்குக் கிடைக்கும் வேகம் அதே தெருவின் இன்னொரு வீட்டுக்கு, ஒரே நிறுவனத்தின் தொலைபேசிக் கம்பி வழியாகவே இணைப்பு இருந்தும், கிடைக்காமல் போவது ஏன் என்பதற்கும், இச்சொல்லுக்குப் பொருத்தமான தமிழ் எது என்பதற்கும் அந்த அகலம்தான் விடை சொல்கிறது.

'பேண்ட்' என்பது துணி, தோல் முதலியவற்றின் நீண்ட துண்டைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அதுவே பின்னர் அறிவியலில், ஓர் அதிர்வெண்ணுக்கும் மற்றோர் அதிர்வெண்ணுக்கும் இடைப்பட்ட பகுதியைக் குறிக்கலாயிற்று. ஒரே தடத்தில் பல உரையாடல்களை வெவ்வேறு அதிர்வெண்களில் அடுக்கி அனுப்பும் முறைகள் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உருவானபோது, அதிர்வெண் எல்லை விரிந்த தடத்தை 'அகலமானது' என்று பொறியாளர்கள் அழைத்தனர். கணினி வலையமைப்புத் துறையிலோ இதன் எதிர்ச்சொல் 'குறுகியது' என்பதாக இல்லாமல் 'அடிப்படைப் பட்டை' என்பதாக இருந்தது. கணினிகளைக் கம்பியால் இணைக்கும் ஈதர்நெட் முறையின் வகைப் பெயர்களில் வரும் 'பேஸ்' அதன் சுருக்கமே. '10 பிராட் 36' என்ற வகையும் 1980களில் இருந்தது. இன்று அதை நினைவில் வைத்திருப்போர் சிலரே.

தொலைபேசிக் கம்பிக்கு வருவோம். மனிதப் பேச்சு புரிவதற்கு ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்கள் போதும் என்று கண்டு, தொலைபேசி அமைப்பு முழுவதையும் அந்த அளவுக்கே வடிவமைத்தனர். இந்த 3100 ஹெர்ட்ஸ் அகலத்துக்குள் தரவைத் திணித்த பழைய மோடம்கள் நொடிக்கு 33.6 கிலோபிட் வரை எட்டின. 1998இல் தரப்படுத்தப்பட்ட வி.90 வகை, இணைப்பகப் (தொலைபேசி எக்ஸ்சேஞ்ச்) பக்கம் எண்முறைக்கு மாறியிருந்ததைப் பயன்படுத்தி 56 கிலோபிட் வரை சென்றது. அதற்கு மேல் செல்ல வேண்டுமானால் பட்டையையே அகலப்படுத்த வேண்டும். அதே தொலைபேசிக் கம்பியில் தரவை அனுப்பும் ஏடிஎஸ்எல் என்னும் தொழில்நுட்பம் செய்தது அதைத்தான்: குரலுக்கு உரிய அடிப்பகுதியைத் தொடாமல் விட்டுவிட்டு, அதற்கு மேலே ஏறத்தாழ 1.1 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைத் தரவுக்குப் பயன்படுத்தியது. அதாவது, கம்பி மாறவில்லை. அதில் பயன்படுத்தப்பட்ட அகலம் சுமார் 350 மடங்காகியது. அதன் வழியில் பின்னர் வந்த தரங்களுள் ஏடிஎஸ்எல்2+ அதை 2.2 மெகாஹெர்ட்ஸாகவும், 2006இல் வந்த விடிஎஸ்எல்2 உயர்ந்தபட்சம் 30 மெகாஹெர்ட்ஸாகவும், 2014இல் வந்த ஜி.ஃபாஸ்ட் 106 மெகாஹெர்ட்ஸாகவும் விரித்தன.

இந்த விரிவுக்கு ஒரு விலை உண்டு. செம்புக் கம்பியில் அதிர்வெண் உயர உயரச் சமிக்ஞை விரைவாக மெலிகிறது. எனவே கம்பி நீள நீள, பட்டையின் மேற்பகுதி முதலில் பயனற்றுப் போகிறது; ஐந்து கிலோமீட்டர் தாண்டிய கம்பியில் ஏடிஎஸ்எல்லின் அடிப்பகுதி மட்டுமே ஓரளவு மிஞ்சும். 'அகல்' என்னும் தமிழ் வினைக்கு விரிதல் என்றும் விலகிச் செல்லுதல் என்றும் இரு பொருள் இருப்பது இங்கே வேடிக்கையாகப் பொருந்துகிறது: இணைப்பகத்தை விட்டு வீடு அகல அகல, பட்டையின் அகலம் குறைகிறது. ஏடிஎஸ்எல்2 தரத்தில் நீண்ட கம்பிகளுக்கென்றே சேர்க்கப்பட்ட ஒரு வகை, பட்டையை வேண்டுமென்றே குறுக்கி, கிடைத்த ஆற்றலை அடி அதிர்வெண்களில் குவித்தது. அகலத்தை விட்டுக்கொடுத்து எட்டும் தூரத்தை வாங்கும் பேரம் அது.

தூரம் மட்டும் தடையன்று. நெடுந்தூரக் கம்பிகளில் குரல் மங்காமல் இருக்க, 1900ஆம் ஆண்டையொட்டி இயற்பியலாளர் மைக்கேல் பூபின் காப்புரிமை பெற்ற முறையில், ஏறத்தாழ 1.8 கிலோமீட்டருக்கு ஒன்றாக லோடிங் காயில் என்னும் கம்பிச் சுருள்களைப் பொருத்துவது பல நாடுகளில் வழக்கமாயிற்று. இச்சுருள்கள் பேச்சின் பட்டைக்குள் மெலிவைக் குறைக்கும். அதற்கு மேலுள்ளவற்றையோ ஏறக்குறைய முழுவதுமாக அடைத்துவிடும். பேச்சுக்கு உதவிய சுருள் தரவுக்குச் சுவராக நிற்பதால், அதைத் தேடிக் கழற்றாமல் அகலப்பட்டை தர முடியாது. செம்பின் விலையை எண்ணி 1960களிலும் 70களிலும் பிரிட்டன் புதைத்த அலுமினியக் கம்பிகள், ஒரே இணைக் கம்பியை இரு வீடுகளுக்குப் பகிர்ந்தளித்த கருவிகள், எங்கும் போய்ச் சேராமல் தொங்கும் கிளைக் கம்பிகள் ஆகியவையும் பட்டையை நறுக்குபவையே.

எல்லாவற்றிலும் விநோதமானது, பிரிட்டனில் 'எக்ஸ்சேஞ்ச் ஒன்லி' என்று பெயர் பெற்ற கம்பி. வழக்கமாக இணைப்பகத்திலிருந்து புறப்படும் கம்பிகள் தெருவோரத்தில் உள்ள கேபினெட் பெட்டி ஒன்றை அடைந்து, அங்கிருந்து வீடுகளுக்குப் பிரியும். கண்ணாடி இழையை அப்பெட்டி வரை கொண்டு வந்துவிட்டால், செம்பின் நீளம் சில நூறு மீட்டராகக் குறைந்துவிடும். விடிஎஸ்எல் வேகம் கிடைத்துவிடும். ஆனால் இணைப்பகத்தை ஒட்டியிருந்த வீடுகள் பலவற்றுக்கும், தொலைவிலுள்ள சிலவற்றுக்கும், நடுவில் பெட்டியே இல்லாமல் நேராகக் கம்பி சென்றிருந்தது. இழையை முடிப்பதற்கு இடமில்லாததால், இணைப்பகத்துக்கு அருகிலேயே குடியிருந்தவர்கள் ஏடிஎஸ்எல்லோடு நிற்க, தள்ளி இருந்தவர்கள் முந்திச் சென்றனர். இணைப்பகக் கட்டடத்திலிருந்தே விடிஎஸ்எல்லைச் செலுத்தலாமே என்றால், அருகருகே செல்லும் கம்பிகளுக்கிடையே குறுக்குப்பேச்சு (ஒரு கம்பியின் சமிக்ஞை மற்றொன்றில் கசிவது) மிகும் என்பதால் அந்நாட்டு அதிர்வெண் விதிகள் தொடக்கத்தில் அதற்கு இடம் தரவில்லை. பின்னர் கையாண்ட வழி எளிமையானது, ஆனால் செலவு மிக்கது: இணைப்பகத்துக்கு வெளியே புதிய பெட்டி ஒன்றை நட்டு, நேர்க்கம்பிகளை அதன் வழியாகத் திருப்பிவிடுவது. பல கிலோமீட்டர் ஓடும் நேர்க்கம்பிக்கு இதனால் பயனில்லை. அங்கே பெட்டியை வீடுகளுக்கு அருகில் நட வேண்டும், அல்லது வீடு வரை இழையை இழுக்க வேண்டும், அல்லது கம்பியைக் கைவிட்டு வானலைவழி இணைப்புக்கு மாற வேண்டும். இக்கம்பியைத் தமிழில் 'நேரிணைப்புக் கம்பி' என்று சொன்னால் போதும்; 'இணைப்பகம் மட்டும்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் எதுவும் விளங்காது.

இனித் தமிழ்ச் சொற்களுக்கு வருவோம். அகலக்கற்றை, அகலப்பட்டை, அகன்ற அலைவரிசை, அகண்ட அலைவரிசை ஆகிய நான்கும் எழுத்தில் காணப்படுகின்றன. இவற்றுள் 'அகண்ட' என்பதை முதலில் விலக்கிவிடலாம். அது 'கண்டம்' என்னும் வடசொல்லின் எதிர்மறை. துண்டுபடாதது, முழுமையானது என்று பொருள்படும். ஒலி ஒப்புமையால் 'அகன்ற' என்பதோடு குழம்பி வழக்கில் புகுந்துவிட்டது. ஏடிஎஸ்எல்லோ தன் பட்டையை 4.3125 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் துண்டு துண்டாக வெட்டித்தான் பயன்படுத்துகிறது என்பதால், 'துண்டுபடாதது' என்ற பெயர் அதற்கு இரட்டைப் பிழை. 'அலைவரிசை' என்ற சொல் வானொலி, தொலைக்காட்சி நிலையங்களைக் குறிப்பதாக ஊன்றிவிட்டதால், 'அகன்ற அலைவரிசை'யும் தெளிவு தருவதில்லை.

மிஞ்சுபவை கற்றையும் பட்டையும். கற்றை என்பது பலவற்றைச் சேர்த்துப் பிடித்த தொகுதி: தாள்கற்றை, ஒளிக்கற்றை. செய்தித்தாள்கள் ஸ்பெக்ட்ரத்தை 'அலைக்கற்றை' என்று எழுதிப் பழக்கியதே அகலக்கற்றைக்கும் வழி திறந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அச்சொல் இன்று பரவலாகப் புரிகிறது என்பதையும் மறுக்க முடியாது. ஆயினும் கற்றைக்குத் தடிமன் உண்டே தவிர, இங்கே தொடங்கி இங்கே முடிகிறது என்னும் எல்லை இல்லை. பட்டைக்கு இரு விளிம்புகள் உண்டு. ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை அளந்தால் அதன் அகலம். இயற்பியல் பாடங்களிலும் 'ஆற்றல் பட்டை' என்றே வழங்குகிறோம். எனவே என் தேர்வு அகலப்பட்டை. அகலம், பட்டை என்னும் இரண்டும் சேரும்போது மகர ஈறு கெட்டு வல்லினம் மிகும். 'அகல பட்டை' என்று பிரித்தெழுதுவது பிழை. சொற்களின் வரிசையை மாற்றி 'பட்டை அகலம்' என்றால், பேண்ட்வித் என்பதற்கான சொல்லும் கையில் கிடைக்கிறது. கற்றையைக் கொண்டு இதைச் செய்து பாருங்கள்: 'கற்றை அகலம்' ஒளிக்கதிரின் பருமனைச் சொல்வதுபோல் ஆகிவிடும்.

'அதிவேக இணைப்பு' என்றே சொல்லிவிடலாமே என்று கேட்போரும் உண்டு. வேகத்தை வைத்துப் பெயரிட்டால் அப்பெயர் விரைவில் பழசாகும். அமெரிக்கத் தொலைத்தொடர்புக் கட்டுப்பாட்டு ஆணையம் 1999இல் நொடிக்கு 200 கிலோபிட்டையே அகலப்பட்டை என்று கொண்டது. 2015இல் 25 மெகாபிட், 2024இல் 100 மெகாபிட் என்று உயர்த்தியது. இந்தியாவில் 2004இல் 256 கிலோபிட்டாக இருந்த குறைந்தபட்ச அளவு 2013இல் 512 ஆகி, 2023இல் 2 மெகாபிட்டை எட்டியது. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பழைய கலைச்சொல் விளக்கமோ 1.5 அல்லது 2 மெகாபிட் என்னும் முதன்மை வீதத்தைத் தாண்டியதை அகலப்பட்டை என்றது. ஐந்து கிலோமீட்டர் கம்பியின் முனையில் நொடிக்கு ஒரு மெகாபிட் பெறும் வீட்டுக்கு இருப்பது இந்த வரையறைகளுள் முதலாவதன்படி அகலப்பட்டை, கடைசியின்படி அன்று. கம்பி என்னவோ இரண்டு கணக்கிலும் ஒன்றே.