காணவில்லை வேறு, அழித்தது வேறு

2007 வாக்கில், பாம் (Palm) என்ற, ஸ்மார்ட்போனுக்கு முந்தைய கையடக்கக் கருவியின் காலண்டரையும் கூகுள் காலண்டரையும் இணைக்கும் சின்ன மென்பொருள் ஒன்றை எழுதினேன். கணினியோடு இணைந்த தாங்கியில் கருவியை வைத்து, 'சிங்க்' செய்யும், அதாவது இரு பக்கத் தகவலையும் ஒத்திசைக்கும், ஹாட்சிங்க் பொத்தானை அழுத்தினால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல ஆக வேண்டும், அவ்வளவுதான் வேலை. முதலில் பயன்படுத்தியவர் ஒரு பல் மருத்துவர். ஒரு மாதம் வெளியூர் போகும்போது கருவியை மேசை டிராயரில் போட்டுவிட்டுப் போனார். பழைய பாம் கருவிகளில் பேட்டரி அடியோடு தீர்ந்தால் உள்ளே இருந்ததெல்லாம் போய்விடும். திரும்பி வந்தவர் சார்ஜ் போட்டார், பொத்தானை அழுத்தினார். கருவி காலியாக இருப்பதைப் பார்த்த என் மென்பொருள், டாக்டரே எல்லாவற்றையும் அழித்துவிட்டார் என்று முடிவுகட்டி, கூகுளில் இருந்ததையும் துடைத்துவிட்டது. கிளினிக் வரவேற்பில் இருந்த அம்மா பழக்கதோஷத்தில் ஒரு நோட்டிலும் எழுதி வந்ததால் தப்பித்தேன்.

தப்பு என்னுடையதுதான். இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்த்தேனே தவிர வேறொன்றும் செய்யவில்லை. ஒரு சந்திப்பு அங்கே இருக்கிறது, இங்கே இல்லை என்றால், அங்கே புதிதாகச் சேர்த்திருக்கலாம், இங்கே அழித்திருக்கலாம். பட்டியலை மட்டும் வைத்து எது என்று சொல்லவே முடியாது. பாமை வடிவமைத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நாம் ஒன்றை அழித்தால் கருவி அதை உடனே தூக்கி எறியாது. அழிக்கப்பட்டது என்று குறி போட்டு அடுத்த சிங்க் வரை வைத்திருக்கும். பேட்டரி செத்துக் காலியான கருவியில் அப்படி ஒரு குறிகூட இருந்திருக்காது. சோம்பேறித்தனத்தில், அந்தக் குறிகளைப் படிக்கும்படி நான் மென்பொருளை எழுதவில்லை.

இன்றைக்கும் கதை அதுதான். கூகுள் காலண்டரின் ஏபிஐ (மற்ற செயலிகள் அதோடு பேசும் வழி), அழிக்கப்பட்ட நிகழ்வை 'ரத்து' என்ற நிலையோடு திருப்பிக் கொடுக்கிறது. போன முறை எதுவரை வாங்கினோம் என்பதற்கு அடையாளச் சீட்டு மாதிரி ஒரு சிங்க் டோக்கன் உண்டு. அது காலாவதியானால் 410 என்ற பிழை வரும். அப்போது செயலி தன்னிடம் இருக்கும் நகலைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து எல்லாவற்றையும் வாங்க வேண்டும். இதைச் சோதித்துப் பார்க்கும் டெவலப்பர்கள் குறைவு. நம் மேசையில் வராத பிழை அது, பல மாதம் அலமாரியில் கிடந்த டேப்லெட்டில்தான் வரும். என் நிரலில் இப்போது ஒரு பிரேக் வைத்திருக்கிறேன்: இருப்பதில் கால்வாசிக்கு மேல் அழிக்கப் போகிறது என்றால் நின்று கேட்கும்.

அடுத்த தலைவலி நேரம். பழைய பாம் காலண்டரில் காலை 9 என்றால் காலை 9தான், எந்த ஊர் காலை என்ற கேள்வியே இல்லை. நானோ எல்லாவற்றையும் யூடிசியாக (உலகப் பொது நேரமாக) மாற்றி வைத்தால் போதும் என்று நம்பினேன். இலங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 2006 ஏப்ரல் நடுவில் அங்கே கடிகாரத்தை யூடிசி+6-லிருந்து +5:30-க்குப் பின்னால் தள்ளினார்கள். கூகுள் காலண்டர் வெளிவந்ததும் அதே வாரம்தான். மே மாதத்துக்கு முன்கூட்டியே போட்டுவைத்த காலை 9 மணிச் சந்திப்பு யூடிசி 3 மணி என்று சேமிக்கப்பட்டிருந்தால், திரையில் 8:30 ஆகிவிடும். 2007-ல் அமெரிக்கா கோடைநேரத்தை (கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவதை) வழக்கத்தைவிட முன்னதாக மார்ச் 11-க்கே கொண்டுவந்தபோது, அப்டேட் ஆகாத கருவிகளில் மூன்று வாரத்துக்கு மீட்டிங்குகளின் நேரம் ஒரு மணி பிசகித் தெரிந்தது. வருங்காலச் சந்திப்பு என்றால் உள்ளூர் நேரத்தையும் 'ஆசியா/கொழும்பு' போன்ற மண்டலப் பெயரையும் சேர்த்தே வையுங்கள்.

பிறந்தநாளுக்கு மட்டும் மண்டலமே வேண்டாம், வெறும் தேதி போதும். இந்திய நள்ளிரவு என்பது யூடிசியில் முந்தைய நாள் மாலை 6:30. அப்படி மாற்றிவைத்தால் லண்டனில் இருக்கும் மகளின் போன், அப்பாவின் பிறந்தநாளை ஒரு நாள் முன்னதாகவே காட்டும்.

பயன்படுத்துபவர்களுக்கு: புதிய சிங்க் செயலியை இணைக்கும் முன் கணினியில் கூகுள் காலண்டர் செட்டிங்ஸுக்குப் போய் ஐசிஎஸ் (காலண்டர் தகவலைச் சேமிக்கும் கோப்பு வகை) கோப்பாக ஒரு நகல் இறக்கி வையுங்கள். இரண்டு நிமிட வேலை. தவறிப்போய் அழிந்தாலும் அங்குள்ள குப்பைத்தொட்டியில் சுமார் 30 நாள் இருக்கும். இன்னொன்று. அன்று என் மென்பொருள் கூகுள் பாஸ்வேர்டையே கேட்டு வாங்கி, கணினியில் ஒரு கோப்பில் எழுதி வைத்தது; யாருக்கும் அது தவறாகத் தோன்றவில்லை, எனக்கும்தான். இன்று ஒரு காலண்டர் செயலி, கூகுளின் சொந்த உள்நுழைவுப் பக்கத்துக்கு அனுப்பாமல் தன் பெட்டியிலேயே பாஸ்வேர்டைக் கேட்டால், உடனே அன்இன்ஸ்டால் செய்துவிடுங்கள்.