மவுண்ட், அன்மவுண்ட்: சொல் விளக்கம்

"மவுண்ட் பண்ணினாலும் நிக்குதில்லை அண்ணை, உடனே கழருது." கிளிநொச்சியில் லினக்ஸ் சேர்வர் பார்க்கும் ஒரு தம்பி கேட்டது இது. மவுண்ட் என்றால், ஒரு டிஸ்க்கை ஓர் அடைவோடு (ஃபோல்டரோடு) இணைத்து, அதிலுள்ள கோப்புகளை அங்கே திறக்கும்படி செய்வது. அன்மவுண்ட், அந்த இணைப்பை எடுத்துவிடுவது. பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டு, எந்த டிஸ்க் எந்த அடைவில் என்று எழுதிவைக்கும் எஃப்எஸ்டாப் கோப்பில், டிஸ்க்கின் தனி அடையாள எண்ணான யூயூஐடியையும் மாற்றியிருந்தார். கட்டளை எந்தப் பிழையும் காட்டவில்லை. ஆனால் அடைவைத் திறந்தால் வெறுமை.

மவுண்ட் என்பதற்கு வேர், மலையைக் குறிக்கும் லத்தீன் சொல். மலையிலிருந்து ஏறுதல், ஏறுதலிலிருந்து ஒன்றின்மேல் ஒன்றை வைத்தல் என்று பொருள் விரிந்தது. பெரிய கணினிகளின் காலத்தில் காந்த நாடாச் சுருளையும் வட்டுத் தொகுதியையும் ஆள் கையால் தூக்கி இயந்திரத்தில் மாட்டவேண்டும். அந்த வேலைக்குத்தான் மவுண்ட் என்று பெயர். 1971 இல் வந்த யுனிக்ஸ் முதற் பதிப்பிலேயே இந்தக் கட்டளை உண்டு. அதன் எதிர்க் கட்டளை, அன்மவுண்ட் (unmount) என்பதன் முதல் 'n' எழுத்தை உதறிவிட்டு 'யூமவுண்ட்' என்று நிற்கிறது.

தமிழில் சிலர் ஏற்று, இறக்கு என்கிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. லோட், அப்லோட் எல்லாவற்றுக்கும் அதே 'ஏற்று'தானே. பம்ப் பூட்டுவதுபோல 'பூட்டு' என்று சொல்லலாம், ஆனால் கோப்பை லொக் செய்வதோடு குழம்பிவிடும். வன்னியில் உழவு இயந்திரத்தில் பெட்டியைக் கொளுவுகிறோமே, அந்தக் 'கொளுவு' அச்சொட்டாகப் பொருந்துகிறது. தமிழ்நாட்டு வாசகருக்குத்தான் அது விளங்காது. அதனால் எழுத்தில் பொருத்து, கழற்று என்பதே என் தெரிவு.

இதில் கழர்தல் வேறு, கழற்றுதல் வேறு. தம்பியின் டிஸ்க் தானாகக் கழரவில்லை, லினக்ஸில் சேவைகளைத் தொடக்கி மேற்பார்க்கும் நிரலான சிஸ்டம்டி கழற்றியது. சிஸ்டம்டி எஃப்எஸ்டாபை வாசித்து ஒவ்வொரு பொருத்தலுக்கும் ஒரு யூனிட், அதாவது தனக்கான ஒரு குறிப்பு, உருவாக்கி வைத்துக்கொள்ளும். நாம் கோப்பைத் திருத்தினாலும், திரும்ப வாசி என்று சொல்லும்வரை அதன் கையில் இருப்பது பழைய யூனிட்தான். அந்த யூனிட் பழைய டிஸ்க்கோடு பிணைக்கப்பட்டது. அதே அடைவில் புதியதைப் பொருத்தியதும், பிணைந்த டிஸ்க் இல்லையே என்று பார்த்து உடனே கழற்றிவிடுகிறது. சிஸ்டம்டியின் பதிவேட்டைக் காட்டும் ஜேர்னல்சிடிஎல் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தால், இயங்காத யூனிட்டோடு பிணைந்திருப்பதால் இதையும் நிறுத்துகிறேன் என்ற பொருளில் ஒரு வரி கிடக்கும்.

திரும்ப வாசி என்று சொல்லும் 'சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்' கட்டளையைக் கொடுத்துவிட்டு, பிறகு பொருத்தினால் நிற்கும். ரீபூட் செய்தாலும் சரிவரும்தான், ஆனால் ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கும் சேர்வரை இதற்காக நிறுத்த வேண்டியதில்லை. அதன் பிறகும் நிற்காவிட்டால், பிஎல்கேஐடி என்ற கட்டளை காட்டும் யூயூஐடியை எஃப்எஸ்டாபில் உள்ளதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். டிஸ்க்கை மறுபடி ஃபோர்மட் செய்திருந்தால் அது மாறியிருக்கும்.