இஜாஸா: பட்டமும் அல்ல, உரிமமும் அல்ல

டமாஸ்கஸின் ஹதீஸ் (நபிமொழி) ஆசிரியை ஸைனப் பின்த் அல்கமால் கைக்குழந்தையாக இருந்தபோதே பாக்தாதிலிருந்து பட்டம் பெற்றார். ஹதீஸையோ நூலையோ தன் வழியாக அறிவித்துக்கொள்ள ஆசிரியர் இடம் கொடுக்கும் இஜாஸாவுக்குப் ‘பட்டம்’ என்று எழுதும் வழக்கம் கொண்டுபோய் நிறுத்துவது இந்த மாதிரி வாக்கியத்தில்தான். கைக்குழந்தை எந்தத் தேர்வை எழுதியது, எந்தப் பாடத்தில் தேறியது என்று எழுதியவர் ஒரு நொடி யோசித்திருந்தால் பேனா நின்றிருக்கும். நிற்பதில்லை. ஆரம்பகால இஸ்லாமியக் கல்வி பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில் பல இந்தச் சொல்லில்தான் சறுக்குகின்றன.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ஜீம், வாவ், ஸாய் என்ற மூன்று எழுத்து வேர். ‘ஜாஸ’ என்றால் கடந்து சென்றான், ‘அஜாஸ’ என்றால் கடக்க விட்டான், செல்லுபடியாக்கினான். மார்க்கச் சட்டத்தில் ‘கூடும்’ என்ற பொருளில் தமிழ் முஸ்லிம்கள் சொல்லும் ‘ஜாயிஸ்’ இதே வேர். இன்றைய அரபியில் அலுவலக விடுப்புக்கும் இஜாஸா என்றே பெயர். மொராக்கோ, சிரியா, லெபனான் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் பட்டத்துக்கும் அதுவே பெயர், ஆகவே அந்த ஊர்ச் செய்தியை மொழிபெயர்க்கும்போது ‘பட்டம்’ என்பதில் தவறில்லை. 9ஆம் நூற்றாண்டு ஆளுக்கு அதை மாட்டுவதுதான் தவறு. இன்னொரு எச்சரிக்கை: குர்ஆனின் ஒப்பற்ற நடையைக் குறிக்கும் ‘இஃஜாஸ்’ வேறு வேர், சொற்சுருக்கத்தைக் குறிக்கும் ‘ஈஜாஸ்’ அதனினும் வேறு. தமிழ் எழுத்தில் மூன்றும் ஒட்டிப் பிறந்தவை போலத் தெரிவதால் அச்சில் அடிக்கடி இடம் மாறிவிடுகின்றன.

மொழியறிஞர் இப்னு ஃபாரிஸ் தந்த விளக்கத்தை மட்டும் அவசரமாகத் தாண்ட முடியாது. ஆடுமாடுகளுக்கும் பயிருக்கும் விடும் நீருக்கு அரபியர் ‘ஜவாஸ்’ என்பார்கள், என் மந்தைக்குத் தண்ணீர் விடு என்று ஒருவன் கேட்க மற்றவன் விடுவதுதான் இஜாஸாவின் மூலப்பொருள், மாணவன் கேட்பது நீருக்குப் பதில் அறிவு என்கிறார் அவர். இது வெறும் கவிநயம் இல்லை, இதில் இலக்கண விளைவு ஒன்று இருக்கிறது. நீர்ப்பொருளை ஏற்பவர், ‘அஜஸ்துஹு’ என்று மாணவனை நேர்ச் செயப்படுபொருளாக வைத்து எழுதுவார். ‘அனுமதி’ என்று கொள்பவர், ‘அஜஸ்து லஹு’, அதாவது ‘அவனுக்கு’ என்று நான்காம் வேற்றுமை போட்டு எழுதுவார். இரண்டையும் எடுத்துவைத்து விளக்குபவர் இப்னுஸ் ஸலாஹ். டமாஸ்கஸின் அஷ்ரஃபிய்யா ஹதீஸ் கல்விக்கூடத்தில் பாடம் சொன்னவர், 1245இல் இறந்தவர். ஹதீஸ் கலைக்கு அவர் எழுதிய முகத்திமாதான் பின்வந்தோர் எல்லோருக்கும் அடிநூல்.

அந்த நூலில் அறிவைப் பெறும் வழிகள் எட்டு. ஆசிரியர் வாயிலிருந்து கேட்பது ஸமாஉ. மாணவன் படிக்க ஆசிரியர் செவிமடுப்பது கிராஅத், இதற்கே அர்ள் என்றும் பெயர். மூன்றாவதுதான் இஜாஸா. பிறகு ஆசிரியர் தன் பிரதியைக் கையில் கொடுக்கும் முனாவலா, எழுதி அனுப்பும் முகாத்தபா, ‘இது நான் கேட்டது’ என்று தெரிவிப்பதோடு நிற்கும் இஃலாம், சாகும்போதோ பயணம் போகும்போதோ பிரதியை ஒருவருக்கென்று சொல்லிவிட்டுப் போகும் வஸிய்யத், கடைசியாக யாருடைய கையெழுத்துப் பிரதியோ கண்ணில் பட்டு எடுத்துக்கொள்ளும் விஜாதா.

இந்த வரிசையைக் கவனியுங்கள். இஜாஸா உச்சியில் இல்லை, மூன்றாம் படியில் இருக்கிறது. கேட்கவும் இல்லை, படித்துக் காட்டவும் இல்லை, ஆனாலும் ‘என் வழியாக அறிவித்துக்கொள்’ என்று ஆசிரியர் விட்டுக்கொடுப்பது அது. பட்டம் என்பது படித்து முடித்ததற்கு அடையாளம். இஜாஸாவோ பல நேரம் படிக்காததற்கு ஈடு. பொருள் தலைகீழாகிறது. 8ஆம் நூற்றாண்டின் ஹதீஸ் அறிஞர் ஷுஃபா சொன்னதாக வரும் சொல் ஒன்று உண்டு: இஜாஸா செல்லுமென்றால் அறிவு தேடிப் போகும் பயணமே வீணாகிவிடும். பட்டம் செல்லுமென்றால் படிப்பு வீண் என்று யாராவது சொல்வார்களா? ஷுஃபாவின் வாக்கியத்தில் பட்டத்தைப் போட்டுப் பார்த்தாலே சொல் ஒட்டாமல் உதிர்ந்துவிடும்.

கேட்கும் அமர்வு எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் இஜாஸா எங்கே நுழைகிறது என்பது புரியும். ஆசிரியர் ஒருவர், வாய்விட்டுப் படிப்பவர் ஒருவர், வந்தவர் பெயரை எழுதுபவர் ஒருவர், மற்றவர்கள் செவிகொடுப்பவர்கள். பகுதி முடிந்ததும் பிரதியின் கடைசி ஏட்டிலோ ஓரத்திலோ ஒரு குறிப்பு ஏறும்: இன்னாரிடம், இன்னார் படிக்க, இந்தப் பகுதி முழுவதையும் இன்னின்னார் கேட்டார்கள், இன்ன நாள், இன்ன இடம். நடுவில் எழுந்து போனவர் எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை தவறவிட்டார் என்றும் எழுதுவார்கள். அடியில் ஆசிரியர் ‘இது சரி’ என்று தன் கையால் எழுதுவார். குழந்தைகளுக்குத் தனிக் கணக்கு. ஐந்து வயது நிரம்பியவனுக்கு ‘ஸமிஅ’, கேட்டான். அதற்குக் கீழே ‘ஹளர’, வந்திருந்தான். ஐந்து வயதில் தன் முகத்தில் நபியவர்கள் வாளி நீரைக் கொப்பளித்ததை நினைவில் வைத்திருந்த மஹ்மூத் இப்னு ரபீஉதான் இந்த எல்லைக்கு ஆதாரம். இரண்டு வினைச்சொற்களுக்கு நடுவே இவ்வளவு பெரிய கோடு. தமிழில் இரண்டுமே ‘கலந்துகொண்டார்’ ஆகிவிடுகிறது.

அந்தப் பெயர்ப்பட்டியல் அலங்காரத்துக்காக எழுதப்பட்டதல்ல. ஒருவருடைய பிரதியில் அவர் கையாலேயே உங்கள் பெயர் ஏறியிருந்தால், நகலெடுக்க அந்தப் பிரதியை அவர் உங்களுக்குத் தந்தாக வேண்டும். தராதவர்மேல் கூஃபாவின் காழி (நீதிபதி) ஹஃப்ஸ் இப்னு கியாஸிடம் வழக்கே போயிருக்கிறது. புத்தகத்தை எடுத்து வா, இவர் கேட்டது என்று உன் கையெழுத்தில் இருப்பதற்கு உன்னைக் கட்டாயப்படுத்துவோம், இவர் கையெழுத்தில் இருப்பதற்கு உன்னை விட்டுவிடுவோம் என்றார் காழி. பட்டியல் எழுதியவனின் கை எவ்வளவு கனமானது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்.

இத்தனை கவனத்துக்குள்ளும் ஓட்டை விழும். படிப்பவர் வேகமாக உருட்டிவிடுவார், ஆசிரியர் கண் அசந்துவிடுவார், பின்வரிசைக்குச் சொல் எட்டாது. சிலர் கேட்டுக்கொண்டே வேறொன்றை நகலெடுப்பார்கள், அவர்கள் கேட்டது செல்லுமா என்பதே பெரிய சர்ச்சை. பின்னாளில் பெரிய ஹதீஸ் அறிஞரான தாரகுத்னீ இளைஞராக அப்படி எழுதிக்கொண்டிருந்தபோது ஒருவர், நீர் கேட்டது செல்லாது என்றார். இதுவரை ஆசிரியர் எத்தனை ஹதீஸ் சொன்னார் என்று தாரகுத்னீ திருப்பிக் கேட்டார். அவருக்குத் தெரியவில்லை. பதினெட்டு என்று சொல்லி, பதினெட்டையும் வரிசை மாறாமல் இவர் ஒப்பித்தார். எல்லோரும் தாரகுத்னீ ஆக முடியாதே. அதனால்தான் அமர்வின் முடிவில் ஆசிரியர் வந்த அனைவருக்கும் இஜாஸாவும் சேர்த்துக் கொடுத்துவிடுவது நல்லது என்கிறார் இப்னுஸ் ஸலாஹ். படிப்பவர் பிழைக்கலாம், ஆசிரியர் கவனம் தவறலாம், தவறிப்போனதை இஜாஸா ஈடுகட்டும் என்ற அந்தலூஸிய அறிஞர் இப்னு அத்தாபின் கூற்றையும் எடுத்துக்காட்டுகிறார். இஜாஸா இங்கே ஒட்டுப்போடும் துணி. ஒட்டுத்துணியைப் பொன்னாடை என்று மொழிபெயர்க்கிறோம்.

குழந்தைகளுக்கு எதற்கு? 90 வயது ஆசிரியர் ஒருவர் ஒரு வயதுக் குழந்தைக்கு இஜாஸா கொடுத்து, அந்தக் குழந்தையும் 90 வயது வாழ்ந்தால், ஏறத்தாழ 180 ஆண்டு நீளத்தை இரண்டே கண்ணிகள் தாங்கும். நபி வரை செல்லும் அறிவிப்பாளர் தொடர் குறுகக் குறுக மதிப்பு உயரும். ஆகவே வெளியூர் ஆசிரியர்களுக்குப் பெயர்ப்பட்டியலோடு கோரிக்கைக் கடிதம் போகும், ‘இவர்களுக்கு இஜாஸா தாருங்கள்’ என்று. 1248இல் பிறந்த ஸைனபுக்கு பாக்தாதின் அஜீபா இஜாஸா தந்தார். அஜீபா அதற்கு அடுத்த ஆண்டே காலமானார். ஸைனப் இறந்தது 1339இல். ஓர் ஒட்டகச் சுமை அளவு ஏடுகளை இஜாஸா வழியாக அறிவிக்க உலகில் அவர் ஒருவரே எஞ்சியிருந்தார் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். இன்னும் பிறக்காத பிள்ளைக்கும் இஜாஸா தரலாம் என்றார் ஹதீஸ் அறிஞர் கதீப் அல்பக்தாதீ, செல்லாது என்றார் இப்னுஸ் ஸலாஹ். பிறக்காத பிள்ளைக்குப் பட்டம் தரலாமா என்றா அவர்கள் விவாதித்துக்கொண்டிருந்தார்கள்?

பட்டத்தைவிடப் படித்தவர் போலத் தெரியும் ஒரு போட்டிச் சொல் இருக்கிறது: ‘கற்பித்தல் உரிமம்’. கலைச்சொல் பட்டியல்காரர்களுக்கு இதன்மேல் தனிப் பாசம். எனக்கு இதன்மேல்தான் கோபம் அதிகம், ஏனென்றால் பட்டத்தின் அபத்தம் பார்த்ததும் தெரிந்துவிடும், இதன் அபத்தம் தெரியாது. உரிமம் என்றதும் தமிழனுக்கு நினைவு வருவது ஓட்டுநர் உரிமம், கடை உரிமம். அதை வழங்க ஓர் அலுவலகம் வேண்டும், கட்டணம் வேண்டும், காலாவதித் தேதி வேண்டும், இல்லாதவன் செய்தால் தண்டனை வேண்டும். இஜாஸாவில் இவை ஒன்றும் கிடையாது. கொடுப்பது ஓர் ஆள், பெறுவது ஓர் ஆள். பாக்தாதில் 1067இல் நிஸாமிய்யா மதரஸா திறந்த பிறகும் இஜாஸாவில் இருந்தது மதரஸாவின் பெயர் அல்ல, ஆசிரியரின் பெயர். பல நேரம் ஒரே ஒரு நூலுக்கு மட்டும் கொடுத்தார்கள், புகாரியின் ஹதீஸ் தொகுப்புக்கு வாங்கியவர் முஸ்லிம் என்பவரின் தொகுப்புக்குத் தனியாக வாங்க வேண்டும். சட்டத்துறையில் பிற்காலத்தில் வந்த ‘இஜாஸத்துத் தத்ரீஸ் வல் இஃப்தா’ என்பது மட்டுமே உரிமத்துக்குக் கொஞ்சம் கிட்டே வருகிறது. அங்கே ஆசிரியர் மாணவனைச் சோதித்துத் தகுதி கண்டு, பாடம் சொல்லவும் ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) கொடுக்கவும் விடுகிறார். அந்த ஒரு வகையை வைத்து மொத்தத்துக்கும் பெயர் சூட்டியது, வாலைப் பிடித்து யானைக்குத் துடைப்பம் என்று பெயர் வைத்த கதை.

‘சான்றிதழ்’ காகிதத்தைச் சொல்கிறது. இஜாஸா வாய்மொழியாகவும் செல்லும், ஆகவே பொருந்தாது. ‘அனுமதி’ பிழையில்லை, ஆனால் உப்பில்லை. ‘அனுமதி பெற்றார்’ என்று படித்தால் வாசலில் காவலர் உள்ளே விட்டது போல இருக்கிறது. ‘ஸனது’ என்பது தமிழக மதரஸாக்களில் பட்டத்துக்கு வழங்கும் சொல். அதன் வேர்ப்பொருள் சாய்ந்துகொள்ளும் இடம், ஹதீஸில் அறிவிப்பாளர் தொடர். இஜாஸா உங்களை அந்தத் தொடரில் கோப்பது, தொடர் அல்ல. ஸனதையும் இஜாஸாவையும் ஒன்றாக்கினால் இரண்டையும் இழப்போம்.

நம்மிடம் சொல் இல்லையா? கைவசம் இருப்பதை எடுக்காமல் பட்டறையில் புதிது அடிக்கிறோம். ஸமாஉ என்பதற்குப் ‘பாடம் கேட்டல்’ என்பதைவிடச் சரியான சொல் எந்த மொழியிலும் இருக்காது. இன்ன நூலை இன்னாரிடம் பாடம் கேட்டார் என்பது தமிழ்ப் புலவர் மரபின் அன்றாட வாக்கியம். நன்னூல் ‘ஆசாற் சார்ந்தவை அமைவரக் கேட்டல்’ என்கிறது. ஸனதின் சாய்தலும் நன்னூலின் சார்தலும் தற்செயலாகச் சந்திக்கின்றன, அதை வைத்து வேர்ச்சொல் ஆராய்ச்சி செய்யக் கிளம்பிவிட வேண்டாம். கிராஅத் என்பது ‘படித்துக் காட்டல்’. முனாவலா ‘பிரதி கையளித்தல்’. ரிவாயத்துக்கு ‘அறிவிப்பு’, ராவிக்கு ‘அறிவிப்பாளர்’ என்று தமிழ் ஹதீஸ் நூல்கள் ஏற்கெனவே நிலைநாட்டிவிட்டன. அந்த வரிசையிலேயே இஜாஸாவுக்கு ‘அறிவிப்பு இசைவு’ என்று வைத்தால் குடும்பத்தோடு சேரும். இசைவு என்பதில் ஆளும் ஆளும் ஒத்துக்கொள்வது இருக்கிறது, அலுவலக வாடை இல்லை. சட்டத்துறை வகைக்குப் ‘பாடம் சொல்லும் இசைவு’. இப்னு ஃபாரிஸைப் படித்த மயக்கத்தில் ‘மடைதிறப்பு’ என்று வைக்க ஆசை வரும். அழகுதான், ஆனால் அடிக்குறிப்பு இல்லாமல் யாருக்கும் விளங்காது. முதல் இடத்தில் இஜாஸா என்று எழுதி ஒருமுறை ‘அறிவிப்பு இசைவு’ என்று விளக்கிவிட்டு, பிறகு இஜாஸா என்றே தொடர்வது நல்லது. ‘இசாசா’ என்று வடிகட்டித் தருவது தூய்மை அல்ல, வாசகனை அகராதியிலும் கண்டுபிடிக்க முடியாமல் செய்வது.

மொழிபெயர்ப்பாளர்கள்மேல் இன்னொரு வழக்கும் இருக்கிறது. அறிவிப்பாளர் தொடரில் வரும் ‘ஹத்தஸனா’ என்றால் அவர் சொல்ல நாங்கள் கேட்டோம். ‘அக்பரனா’ என்றால் நாங்கள் படித்துக் காட்ட அவர் கேட்டார். ‘அன்பஅனா’ பிற்காலத்தில் இஜாஸாவுக்கு ஒதுங்கியது. முதல் இரண்டையும் புகாரி பிரித்துப் பார்க்கவில்லை, முஸ்லிம் பிரித்தார், ஒரே ஹதீஸில் ஒருவர் ஹத்தஸனா என்றார், மற்றவர் அக்பரனா என்றார் என்று குறித்துக்கொண்டே போவார். தமிழில் எல்லாமே ‘அறிவித்தார்’. முஸ்லிம் ஒவ்வொரு வரியிலும் எடுத்த சிரமத்தை ஒரே வினைமுற்றில் துடைத்துப்போட்டுவிட்டோம். ‘நமக்குச் சொன்னார்’, ‘படித்துக் காட்டப்பெற்று அறிவித்தார்’, ‘இஜாஸா வழி அறிவித்தார்’ என்று பிரித்து எழுத வரிக்கு இரண்டு சொல்தான் கூடுதல் செலவு.

மக்காவில் புகாரி நூலைப் பாடம் சொன்ன கரீமா அல்மர்வஸிய்யாவிடம், கதீப் அல்பக்தாதீ அந்த நூல் முழுவதையும் ஐந்தே நாளில் படித்துக் காட்டினார். அதே கரீமாவிடம் இன்னொரு மாணவர் எதிரே உட்கார்ந்து ஏழு ஏடு நகலெடுத்தார், படித்தும் காட்டினார். மூலத்தோடு ஒப்பிடுவதைத் தனியாகச் செய்துகொள்கிறேன் என்றாராம். என்னோடு ஒப்பிட்டாலொழிய முடியாது என்றுவிட்டார் கரீமா. இந்த இடத்தையும் ‘கரீமாவிடம் பட்டம் பெற்றார்’ என்றுதான் எழுதப்போகிறோமா? ‘கரீமாவிடம் புகாரியைப் படித்துக் காட்டி, அவர் பிரதியோடு ஒப்பிட்டுக்கொண்டார்’ என்று எழுதுங்கள். ஸைனபுக்கு, ‘கைக்குழந்தையாக இருந்தபோதே பாக்தாதின் அஜீபா அவருக்கு அறிவிப்பு இசைவு தந்தார்’ என்று எழுதுங்கள்.