பணவீக்கம் குறைந்தால் விலையும் குறைந்துவிட்டதா?

சிறு உணவகங்களுக்கும் சிற்றுண்டிச்சாலைகளுக்கும் கணக்கு எழுதிக் கொடுப்பவன் என்ற முறையில், ஒரே தவறினால் நட்டப்பட்டவர்களைத் திரும்பத் திரும்பக் கண்டு வருகிறேன். அண்மையில் வந்த அம்மா ஒரு நிறுவனத்தின் சிற்றுண்டிச்சாலையைக் குத்தகைக்கு எடுத்து நடத்துபவர். உணவுப் பணவீக்கம் இறங்கிவிட்டதால் சென்ற ஆண்டைவிடக் குறைந்த விலைக்குச் சோறு கறி தரவேண்டும் என்று கேட்கப்பட, அவரும் அதை நம்பி ஓராண்டுக்கு மாறாத விலையில் ஒப்பமிட்டுவிட்டார். அரிசி, தேங்காய், பருப்பு, எரிவாயு ஆகியவற்றின் பற்றுச்சீட்டுகளைக் கூட்டிப் பார்த்தபோது, ஒவ்வொரு சோற்றுப் பொதியிலும் அவர் கைக்காசை இழந்துகொண்டிருந்தது தெரிந்தது. இந்த அம்மாவோடாவது இது நிற்கவேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

பணவீக்கம் என்பது விலை ஏறுகின்ற வேகம். அந்த வேகம் குறைந்தால் விலை மெதுவாக ஏறுகிறது என்றே பொருள். ஏறிய விலை இறங்கிவிட்டது என்று பொருளில்லை. எத்தனை தடவை சொன்னாலும் இது மனதில் பதிவதில்லை என்பதால் எண்களைக் கொண்டே சொல்கிறேன். இலங்கையில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி (வீடுகள் வாங்கும் பொருள்களின் விலை மட்டத்தை ஒரே எண்ணாகக் காட்டும் அளவு அது) 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாக இருந்தது. 2021 செப்டெம்பரில் 100 ரூபாய்க்கு வாங்கிய உணவுப் பொருள்களுக்கு ஓராண்டு கழித்து ஏறத்தாழ 195 ரூபாய் கொடுக்க நேர்ந்தது. அடுத்த ஆண்டு செப்டெம்பரில் அதே பணவீக்கம் மறை 5.2 சதவீதமாகியது; அதாவது பூச்சியத்துக்கும் கீழே போய், விலை சற்று இறங்கியது. பத்திரிகைகள் அதைப் பெரிய எழுத்தில் போட்டன; முதலாளிமார் சிலர் அதைக் காட்டிச் சம்பள உயர்வைத் தள்ளிப்போட்டனர். ஆனால் 195 ரூபாயில் 5.2 சதவீதம் என்பது பத்து ரூபாய்தான். ஏறியது 95, இறங்கியது 10. நூறு ரூபாய்ச் சாமான் 185 ரூபாயில் நிற்கையில், விலை பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது என்று ஒருவர் எப்படிச் சொல்ல முடியும்? பணவீக்கம் பூச்சியத்துக்கு வந்தாலும் அந்த 185 ரூபாய் 185 ரூபாயாகவே இருக்கும். தயவுசெய்து இதை ஒரு தாளில் எழுதிக் கல்லாப்பெட்டிக்கு மேல் ஒட்டி வையுங்கள்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். செய்தியில் வரும் வீதம் சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட்டுச் சொல்லப்படுவது. சென்ற ஆண்டு விலை உச்சத்தில் இருந்திருந்தால் இந்த ஆண்டின் வீதம் தானாகவே சிறிதாகத் தெரியும். சமைப்பவருக்கோ சென்ற மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் இடையிலான மாற்றம்தான் கையைச் சுடுவது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகியது. அதே காலத்தில் காய்கறி விலையும் எகிறியது. அந்நாள்களில் ஆண்டு வீதத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சந்தையில் என்ன நடக்கிறது என்பது விளங்கியிருக்காது.

தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் இரண்டு சுட்டெண்களை வெளியிடுகிறது. கொழும்புச் சுட்டெண் கொழும்பு மாவட்டத்தின் நகர்ப்புற வீட்டுச் செலவை அடிப்படையாகக் கொண்டது. அதில் உணவின் பங்கு கால்வாசிக்குச் சற்று அதிகம். தேசியச் சுட்டெண் ஒன்பது மாகாணங்களையும் உள்ளடக்குவது. அதில் உணவு ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு. வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ கடை நடத்துபவர் கொழும்பு எண்ணை மட்டும் வைத்து விலை பேசுவது எனக்கு விளங்காத செயல். வெளியில் வாங்கும் சமைத்த சாப்பாடு உணவுப் பிரிவில் அடங்காது. உணவகங்கள், விடுதிகள் என்ற தனிப்பிரிவில் வருகிறது. மதுபானமும் வேறு பிரிவு. தேநீரும் மென்பானங்களும் உணவோடு சேர்கின்றன. ஒப்பந்தத்துக்கு விலை கோரும் கேள்விப்பத்திரம் தயாரிக்கும் அலுவலர்களே இவற்றைக் குழப்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே வீதத்தைப் பார்க்காதீர்கள். சுட்டெண்ணின் பெறுமதியையே பாருங்கள். 2021ஐ 100 ஆகக் கொண்ட இன்றைய எண்ணை, நீங்கள் கடைசியாக விலை நிர்ணயித்த மாதத்து எண்ணால் வகுத்தால், சந்தை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பது நேரே தெரியும். மரக்கறி, தேங்காய், அரிசி ஆகியவற்றுக்கு மத்திய வங்கியின் நாளாந்த விலை அறிக்கையில் புறக்கோட்டை, தம்புள்ளைச் சந்தை விலைகள் கிடைக்கின்றன. வாரம் ஒருமுறையாவது அதைப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக உங்கள் சொந்தப் பற்றுச்சீட்டுகளை எறியாதீர்கள். நீங்கள் அதிகம் வாங்கும் பத்துப் பொருள்களின் விலையை மாதந்தோறும் ஒரு கொப்பியில் குறித்து வந்தால், உங்கள் சமையலறைக்கு அதைவிடப் பொருத்தமான சுட்டெண் வேறில்லை.

ஒப்பந்தம் செய்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின் மாற்றத்துக்கேற்ப விலை மீளாய்வு செய்யப்படும் என்ற ஒரு வரியை, எந்தப் பிரிவின் சுட்டெண், எந்த மாதம் தொடக்கம் என்ற விபரத்தோடு எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சாகப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால், ஒப்பமிடுவதற்கு முன் ஒரு கணக்காளரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள்.