நாப்பது தாண்டின ஸ்பிரிண்டருக்கு டெம்போ எவ்வளவு போதும்?

100 மீட்டர், 200 மீட்டர் ஓடுற ஆளு எதுக்கு மெதுவா ஓடி ட்ரெய்னிங் எடுக்கணும்? நாப்பது வயச தாண்டினவங்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் முக்கியம், ஏன்னா வேலை, புள்ளைங்க, வீடு எல்லாம் போக வாரத்துல அவங்களுக்கு கிடைக்கிறதே மூணு நாலு நாள், அதுல ரெண்ட டெம்போங்கிற இந்த மெதுவான ஓட்டத்துக்கு குடுத்துட்டா ஸ்பீடுக்கு என்ன மிஞ்சும். ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை பக்கம் வயசு கூடினவங்களுக்கு நடக்கிற மாஸ்டர்ஸ் போட்டிக்கு ஓடுறவங்க, பழைய மாணவர் ரிலேக்கு ரெடியாகுறவங்க எல்லாருக்கும் சேத்து சொல்றேன், டெம்போ கட்டாயம் வேணும், ஆனா இளவட்டப் பசங்களுக்கு போடுற ஷெடியூல்ல இருக்கிற அளவுல பாதி போதும், அதுவும் நீங்க நினைக்கிறத விட மெதுவா.

முதல்ல எந்த டெம்போன்னு சொல்லிடுறேன். மரதன் ஓடுறவங்க இருபது நிமிஷம் மூச்சு வாங்க ஓடுவாங்களே, அது இல்ல. ஸ்பிரிண்டருக்கு டெம்போன்னா 60 மீட்டர்ல இருந்து 200 மீட்டர் வரைக்கும் சின்னச் சின்ன ஓட்டம், உங்க முழு வேகத்துல 65ல இருந்து 75 வீதம், நடுவுல கொஞ்சம் நடந்துட்டு திரும்பவும் ஓடுறது. 100 மீட்டர 14 செகண்ட்ல ஓடுற ஆளுக்கு 70 வீதம்னா 20 செகண்ட், 75 வீதம்னா கிட்டத்தட்ட 18.7. ஸ்டொப்வாச்ச பாத்துட்டு இது ஓட்டமே இல்லையேன்னு தோணும், ஆனா வேகம் அவ்வளவு தான்.

சரி, இது எப்படி வேலை செய்யுது? முழு வேகத்துல பாயுற முதல் சில செகண்டுக்கு சதைக்குள்ள ஏற்கெனவே சேந்திருக்கிற பொஸ்போகிரியேட்டின் தான் முக்கியமான சக்தி, அது எரிய ஒட்சிசன் தேவையில்ல, அதனால தான் அவ்வளவு வேகமா சக்தி கிடைக்குது, ஆனா கையிருப்பு ரொம்பக் கொஞ்சம். ஓடி முடிச்சதும் அத திரும்ப நிரப்புறதுக்கு மட்டும் ஒட்சிசன் வேணும். அரை நிமிஷத்துல பாதி அளவு திரும்பிடும், மீதி வர 3ல இருந்து 5 நிமிஷம் ஆகும், சிலருக்கு அதுக்கும் மேல. லயத்துக்கு மேல இருக்கிற தண்ணி டேங்க நினைச்சுக்கோங்க, காலையில எல்லாரும் ஒண்ணா பைப்ப திறந்தா சட்டுனு காலியாகிடும், திரும்ப நிறையிறது ஊத்துல இருந்து வர்ற குழாய் எவ்வளவு பெருசுங்கிறதுல தான் இருக்கு. டெம்போ அந்தக் குழாயத் தான் பெருசாக்குது. சதை நார சுத்தி முடி மாதிரி மெல்லிசா ஓடுற ரத்தக் குழாய்ங்க கூடுது, செல்லுக்குள்ள ஒட்சிசன வச்சு சக்தி செய்யிற இழைமணிகள் கூடுது, அதனால ஸ்பீட் நாள்ல நாலாவது அஞ்சாவது ஓட்டமும் முதல் ஓட்டம் மாதிரியே வருது. ரெண்டு நாள் கழிச்சு கிரவுண்டுக்கு வர்றப்ப கால் கொஞ்சம் லேசா இருக்கும்.

அது செய்யாத ஒரு வேலையும் இருக்கு, டெம்போ உங்க உச்ச வேகத்த கூட்டாது. முழு வேகத்துல பாதம் தரையில இருக்கிறது ஒரு செகண்ட்ல பத்துல ஒரு பங்குக்கு பக்கத்துல தான், அந்தச் சின்ன நேரத்துக்குள்ள உடம்பு எடைய விட பல மடங்கு பலத்த தரையில இறக்கணும், அத நரம்பும் சதையும் பழகணும்னா முழு வேகத்துல ஓடியே ஆகணும், வேற வழி கிடையாது. மெதுவா ஓடுறப்ப பாதம் தரையில நிறைய நேரம் நிக்குது, அதுல இந்தப் பழக்கம் வராது.

இங்க தான் நம்ம ஆளுங்க மாட்டிக்கிறாங்க. 70 வீதம் ரொம்ப லேசா தெரியுதுன்னு 85 வீதத்துக்கு ஏத்திடுறாங்க, அந்த 14 செகண்ட் ஆளு 16 செகண்ட் பக்கமா ஆறு ஏழு தரம் ஓடிட்டு நல்லா வேர்த்துச்சுன்னு சந்தோஷமா வீட்டுக்கு போறாரு. அந்த வேகம் ஸ்பீட கூட்ட பத்தாது, உடம்பு தேறுறதுக்கும் விடாது, தொடைப் பின்சதை இறுகிப் போய் அடுத்த ஸ்பீட் நாள்ல முழு வேகம் வராது, அப்பவும் 90 வீதத்துல தான் ஓடுவாரு, இப்படியே மாசக் கணக்கா ஓடினா எல்லா நாளும் நடுத்தர நாளாவே முடியும். கனடா கோச் சார்லி பிரான்சிஸ் வேகமான நாள் முழு வேகம், லேசான நாள் உண்மையிலேயே லேசு, நடுவுல உள்ளத தொடாதீங்கன்னு சொன்னதுக்கு இது தான் காரணம், ஸ்பிரிண்டருங்க நடுவுல டெம்போங்கிற விஷயம் பரவினதுக்கும் அவரு ஒரு பெரிய காரணம். அவரோட ஆளுங்க ஒரு டெம்போ நாள்ல சுமார் 2,000 மீட்டர் ஓடுவாங்க. ஆனா அந்தக் கணக்க அப்படியே எடுத்து 50 வயசு ஆளுக்கு போடக் கூடாது. அவங்க இருபதுகள்ல இருந்த முழுநேர வீரருங்க, அதோட அவரோட பென் ஜோன்சன் 1988 சோல் ஒலிம்பிக்ல ஊக்க மருந்துல பிடிபட்டு தங்கத்த இழந்தாரு, மருந்து எடுக்கிற உடம்பு தேறுற வேகத்த வச்சு போட்ட அளவு சாதாரண மனுஷனுக்கு அளவுகோல் ஆகாது. முறை சரி, மீட்டர் கணக்கு தான் நமக்கு பொருந்தாது.

வயசு என்ன செய்யுதுன்னா, வேகச் சதை நாருங்க மெலியுது, கெண்டைக்கால் சதைய குதிகாலோட இணைக்கிற தசைநாணோட விறைப்பு குறையுது, பாதம் தரையில நிக்கிற நேரம் கூடுது. வயசான ஸ்பிரிண்டர்கள ஆராய்ச்சி செஞ்சு பாத்ததுல கால் மாத்துற வேகம் அவ்வளவா குறையல, எடுத்து வைக்கிற ஒவ்வொரு எட்டோட நீளம் தான் குறைஞ்சிருக்கு, அதாவது தரைய தள்ளுற பலம் தான் போகுது. அப்போ நாப்பதுக்கு மேல காப்பாத்த வேண்டியது எது? பலமும் வேகமும். அதுக்கு கிடைக்கிற நாள டெம்போ தின்னக் கூடாது. ஆனா இன்னொரு பக்கம், ட்ரெய்னிங் இல்லாதவங்களுக்கு முப்பதுக்கு மேல பத்து வருஷத்துக்கு ஒருக்கா ஒட்சிசன் எடுக்கிற திறன் கிட்டத்தட்ட 10 வீதம் குறையுது, அந்தக் குழாயும் சுருங்குது, அதனால டெம்போவ மொத்தமா விடவும் முடியாது. ஜமைக்கா வீராங்கனை மெர்லீன் ஓட்டி 2000 சிட்னி ஒலிம்பிக்ல 40 வயசுல 100 மீட்டர் ஃபைனல் ஓடினாங்க, அப்புறம் நாடு மாறி, 2012ல 52 வயசுல ஐரோப்பிய சாம்பியன்ஷிப்ல ஸ்லோவேனியாவுக்கு ரிலே ஓடினாங்க, வேகத்த அவ்வளவு காலம் பிடிச்சு வைக்க முடியும்ங்கிறதுக்கு அது போதும்.

இனி அளவு. நான் சொல்றது என் அபிப்பிராயம், ஆனா யோசிச்சு சொல்றது. வாரத்துல ரெண்டு ஸ்பீட் நாள், நடுவுல மூணு நாள் இடைவெளி வர்ற மாதிரி. டெம்போ ஒண்ணு, முடிஞ்சா ரெண்டு. நாப்பதுகள்ல இருக்கிறவங்களுக்கு ஒரு தடவைக்கு 800ல இருந்து 1,200 மீட்டர், ஐம்பதுகள்ல 600ல இருந்து 1,000, அறுபதுக்கு மேல 400, 500 மீட்டரே நல்ல வேலை. 200 மீட்டரா ஓடாதீங்க, 60, 80, 100ன்னு பிரிச்சு ஓடுங்க, நீளம் கூடக் கூட களைப்புல எட்டு கெட்டுப் போகுது, குதிகால் அடி வாங்குது. ஆணி வச்ச ஸ்பைக்ஸ் ஷூ வேணாம், புல்லுல ஓடுங்க. கடைசி ஓட்டம் முதல் ஓட்டத்தோட அதே டைம்ல வரணும், முடிச்ச உடனே பக்கத்துல நிக்கிறவர் கூட ஒரு முழு வாக்கியம் பேச முடியணும். மறுநாள் காலையில கெண்டைக்கால் இறுகி இருந்தா அளவு கூடிப் போச்சு, அடுத்த தடவை 200 மீட்டர் குறைங்க. கால்ல ஏற்கெனவே வலி இருக்கிறவங்க அதே நிமிஷக் கணக்குல சைக்கிள் மிதிச்சாலும் இதயத்துக்கும் ரத்தக் குழாய்க்கும் வேலை நடக்கும்.

மலைநாட்டுல இருக்கிறவங்க இன்னொரு கணக்கையும் சேக்கணும், அத யாரும் சேக்கிறதில்ல. மலைக்கு ஏறி இறங்கி வேலை செய்யிறவங்க, பஸ் வராத டிவிஷன்ல இருந்து டவுனுக்கு நடக்கிறவங்க, அவங்களுக்கு லேசான ஓட்டத்துல கிடைக்க வேண்டிய இதய வேலைல பெரும் பங்கு தினமும் கிடைச்சிடுது. அவங்களுக்கு வாரத்துக்கு ஒரு டெம்போ தாராளம், அது கூட எட்டு தளர்வா வர்றதுக்கு தான். பேங்க்லயோ ஒபிஸ்லயோ நாள் முழுக்க உக்காந்திருக்கிறவருக்கு தான் அந்த ரெண்டாவது நாள் தேவை. ஏத்தத்த விட இறக்கம் தான் சதைய கிழிக்கும், இறங்குறப்ப தொடை முன்சதை நீண்டுகிட்டே உடம்பு எடைய தாங்குது, அந்த வலி ரெண்டாம் நாள் தான் தலை தூக்கும், அதனால ஸ்பீட் நாளுக்கு முதல் நாள் பெரிய இறக்கம் இறங்குறத தவிர்க்க முடிஞ்சா தவிர்த்துடுங்க.

உயரமும் கணக்குல வரும். நுவரெலியா கடல் மட்டத்துல இருந்து சுமார் 1,868 மீட்டர், அங்க காத்தழுத்தம் கொழும்ப விட ஏறக்குறைய 20 வீதம் குறைவு. காத்து மெல்லிசு, எதிர்ப்பு கம்மி, அதனால ஒரு 100 மீட்டருக்கு அது லாபம், 1968ல 2,240 மீட்டர் உயர மெக்சிகோ சிட்டில அமெரிக்க வீரர் ஜிம் ஹைன்ஸ் 100 மீட்டர 9.95 செகண்ட்ல ஓடினதுக்கு அதுவும் ஒரு காரணம். ஆனா டேங்க் நிறைய வேண்டிய ஒட்சிசன் ஒவ்வொரு மூச்சுலயும் குறைவா தான் வருது. அதனால ஸ்பீட் நாள்ல ஓட்டத்துக்கு நடுவுல ஒண்ணு ரெண்டு நிமிஷம் கூடுதலா ஓய்வு எடுங்க, கொழும்புல இருந்து லீவுக்கு வர்றவங்க முதல் வாரம் டெம்போவ 65 வீதத்துலயே வச்சுக்கோங்க. பனிக் காலைல, ஜனவரி பக்கம் புல்லு வெள்ளையா கிடக்கிற நேரத்துல, ஓடவே வேணாம், வெயில் வந்த பிறகு இருபது நிமிஷம் உடம்ப சூடாக்கிட்டு ஆரம்பிங்க. மழை மாசத்துல புல்லு வழுக்கும், அப்ப ஸ்கூல் ஹோல்லயோ வீட்டு வாசல்லயோ ஒரே இடத்துல முழங்கால தூக்கி 15 செகண்ட் ஓடி, 45 செகண்ட் நடந்து, இத பத்து தரம் செஞ்சா அன்னைக்கு டெம்போ முடிஞ்சது.

400 மீட்டர் ஓடுறவங்க மட்டும் மேல சொன்ன அளவ ஒன்றரை மடங்கா வச்சுக்கலாம், அந்த ஓட்டத்துல ஒட்சிசன் வழியா வர்ற சக்தியோட பங்கு ரொம்பப் பெருசு. எந்த ஓட்டமா இருந்தாலும் போட்டிக்கு முந்தின வாரம் டெம்போவ பாதியாக்கிட்டு, கடைசி மூணு நாள் நடை மட்டும் வச்சுக்கோங்க.